எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது பழைய சாட்டா கேபிளை அப்படியே விட்டுவிடலாமா?

#1 தூங்காவிழி

வணக்கம். ஆறு வருடமாக ஓடிய 550 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி). புது கிராபிக்ஸ் கார்டு போட்டதிலிருந்து கேம் நடுவில் மொத்தமாக அணைந்துவிடுகிறது, ப்ளூ ஸ்கிரீன்கூட வருவதில்லை, கரண்ட் போன மாதிரி பட்டென்று. சரி, இதற்கு மேல் இழுக்க வேண்டாம் என்று 750 வாட் ஒன்று வாங்கிவிட்டேன். பழையது, புதியது இரண்டுமே முழு மாடுலர், அதாவது எல்லாக் கேபிளையும் பெட்டியிலிருந்து தனியாகக் கழற்றி மாட்டலாம். கம்பெனி மட்டும் வேறு.

உள்ளே இரண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்க், ஒரு சாட்டா எஸ்எஸ்டி. கேபிளை எல்லாம் மதர்போர்டுக்குப் பின்பக்கம் டை போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து செய்த வேலை, அதைப் பிரிக்க மனசு வரவில்லை. புதிய எஸ்எம்பிஎஸ்ஸிலும் சாட்டாவுக்கு, அதாவது டிஸ்க்குகளுக்குக் கரண்ட் கொண்டுபோகும் கேபிளுக்கு, அதே 6 பின் சாக்கெட்தான். பழைய கேபிளைச் சொருகிப் பார்த்தேன், க்ளிக் என்று கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை.

என் பயம் வேறு. ஸ்டாட்டிக் கரண்ட். கையில் மாட்டும் அந்தப் பட்டை என்னிடம் இல்லை, அது இல்லாமல் தொட்டால் போர்டு போய்விடுமா?

#2 ஒற்றைவரி

கரண்ட் கொடுக்காதீர்கள். முதலில் அந்தச் சாட்டா கேபிளை உருவுங்கள்.

#3 திருப்புளி

#2 சொன்னதைச் செய்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

கேபிளுக்கு இரண்டு முனை. ஹார்ட் டிஸ்க் பக்கம் உள்ள முனைக்கு உலகம் முழுக்க ஒரே விதி: 15 பின், டேட்டா கேபிள் இருக்கும் பக்கத்திலிருந்து எண்ணினால் முதல் மூன்று 3.3 வோல்ட், அடுத்த மூன்று கிரவுண்ட், அப்புறம் மூன்று 5 வோல்ட், மறுபடி கிரவுண்ட், கடைசி மூன்று 12 வோல்ட். எந்தக் கம்பெனியும் இதை மாற்ற முடியாது. ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கம் உள்ள முனைக்கு அப்படி ஒரு பொது விதியே கிடையாது. எந்த ஓட்டையில் 12, எந்த ஓட்டையில் 5 என்பது அந்தந்தக் கம்பெனி இஷ்டம். பிளாஸ்டிக் மட்டும் ஒரே மாதிரி இருக்கிறது, காரணம் பெரும்பாலானவர்கள் மோலெக்ஸ் மினி-ஃபிட் ஜூனியர் என்கிற 4.2 மில்லிமீட்டர் இடைவெளி கனெக்டர் வகையையே எடுத்துப் போடுகிறார்கள். அதனால் கச்சிதமாக உட்கார்ந்தது என்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. உட்காராமல் இருந்திருந்தால்தான் உங்களுக்கு நல்லது.

ஒரே கம்பெனிக்குள்ளும் மாறும். கோர்சேர் தன் கேபிள்களுக்கு டைப் 3, டைப் 4 என்று பெயர் வைத்து, எது எந்த மாடலுக்கு என்று அட்டவணையே போட்டிருக்கிறது. அந்த இரண்டுக்கும் மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கேபிளில் மட்டும்தான் வித்தியாசம், ஆனால் அந்த ஒன்றைக் கலந்தால் போதும்.

ஸ்டாட்டிக் பற்றி: இருக்கிறது, உண்மைதான். சுமார் 3000 வோல்டுக்குக் கீழே இருந்தால் நம் விரலுக்கே தெரியாது, அதைவிடக் குறைவிலேயே சில சிப்புகள் அடி வாங்கும். ஆனால் கம்பளம் இல்லாத தரையில் நின்றுகொண்டு, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை அடிக்கடி தொட்டுக்கொண்டு, போர்டை ஓரத்தில் பிடித்து வேலை செய்தால் பட்டை இல்லாமலேயே சமாளிக்கலாம். நான் இத்தனை வருடத்தில் ஸ்டாட்டிக்கால் ஒரு போர்டு போய்ப் பார்த்ததில்லை (போயிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது, அது வேறு விஷயம்). கேபிள் கலந்து செத்த டிஸ்க்குகளை ஒரு அட்டைப்பெட்டி நிறைய பார்த்திருக்கிறேன்.

#4 மின்மினி22

அந்த அட்டைப்பெட்டியில் என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடம் முன்னால் இதே கதை, இதே காரணம், கட்டி வைத்த கேபிளைப் பிரிக்கச் சோம்பல். 24 பின்னும் சிபியூ கேபிளும் புதிதாகப் போட்டேன், சாட்டாவை மட்டும் பழையதிலேயே விட்டேன். பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, திரையில் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் வரும் முதல் திரை) வந்தது. எல்லாம் சரி என்று நினைத்த அந்த நொடியில் உள்ளே சின்னதாக ஒரு "டிக்". சத்தம் அவ்வளவுதான். அப்புறம் முடி கருகினாற்போல் ஒரு வாசனை, என் தலைமுடியா என்று தடவிக்கூடப் பார்த்தேன். போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு டிஸ்க்கும் போனது.

இரண்டாவது டிஸ்க் எதற்கு என்று கேளுங்கள். முதல் டிஸ்க்கின் பேக்அப். அதே கேபினெட், அதே கேபிளில் அடுத்த முனை.

#5 தூங்காவிழி

உருவிவிட்டேன். கை கொஞ்சம் நடுங்குகிறது, பொய் சொல்லவில்லை. மின்மினி, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

#6 கடைநிலைப்பொறியாளர்

கொஞ்சம் அதிகமாகவே பயமுறுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. நான் ஒரு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸில் இன்னொரு கம்பெனி சாட்டா கேபிளை ஐந்து வருடமாக ஓட்டுகிறேன், நாலு டிஸ்க், ஒன்றும் ஆகவில்லை. அதோடு இப்போது வரும் எல்லா நல்ல எஸ்எம்பிஎஸ்ஸிலும் ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பு இருக்கிறது. தப்பாகப் போனால் அதுவே கட் செய்துகொள்ளும். அதற்குத்தானே காசு கொடுக்கிறோம்?

#7 திருப்புளி

ஐந்து வருடம் ஓடியது என்றால் அந்த இரண்டுக்கும் கம்பி வரிசை தற்செயலாக ஒன்று, அவ்வளவுதான். பல கம்பெனிகள் சொந்தமாக எஸ்எம்பிஎஸ் செய்வதில்லை, வேறொரு தொழிற்சாலையில் செய்து வாங்கித் தங்கள் பெயரை ஒட்டுகிறார்கள். சீசானிக் மாதிரி ஆட்கள் தங்கள் பெயரிலும் விற்கிறார்கள், மற்றவர்களுக்கும் செய்து கொடுக்கிறார்கள். உங்கள் இரண்டும் ஒரே இடத்தில் பிறந்த அண்ணன் தம்பியாக இருக்கலாம். பெட்டியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பு விஷயத்தில் நீங்கள் நினைப்பது தப்பு. அந்தப் பாதுகாப்பு எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டு தன்னுடைய 12 வோல்ட் 12-ஆக இருக்கிறதா, 5 வோல்ட் 5-ஆக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. இரண்டுமே சரியாக இருக்கும்! வெளியே கேபிள் அந்தச் சரியான 12 வோல்ட்டைக் கொண்டுபோய் டிஸ்க்கின் 5 வோல்ட் பின்னில் ஊற்றுவது அதற்கு எப்படித் தெரியும்? டிஸ்க் உள்ளே வெந்து ஷார்ட் ஆன பிறகுதான், கரண்ட் எகிறுவதைப் பார்த்து அது விழித்துக்கொள்ளும். அப்போது எல்லாம் முடிந்திருக்கும்.

#8 கடைநிலைப்பொறியாளர்

ம். உள்ளே நின்று பார்ப்பது, வெளியே தெரியாது... இதை நான் அப்படி யோசித்ததில்லை. சரி, ஒத்துக்கொள்கிறேன். என் கேபிளையும் இன்று கழற்றிப் பார்க்கிறேன்.

#9 ஒற்றைவரி

இன்னொன்று: பின்னால் 115/230 என்று சின்னச் சிவப்புச் சுவிட்ச் இருந்தால் பார்த்து வையுங்கள், 230 வரும் இடத்தில் 115-இல் வைத்து ஆன் செய்தால் உள்ளே வெடிக்கும்.

#10 தூங்காவிழி

அந்தச் சுவிட்ச் இதில் இல்லை. என்னிடம் மல்டிமீட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. பழைய கேபிளுக்கும் புதியதற்கும் நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்க ஆசை. எப்படிப் பார்ப்பது?

#11 திருப்புளி

நல்ல ஆசை. இரண்டு கேபிளையும் எதிலும் மாட்டாமல் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். இரண்டு முனைக்கும் தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் மீட்டரை வையுங்கள். 6 பின் முனையில், லாக் நாக்கு மேலே பார்க்கும்படி இரண்டையும் ஒரே மாதிரி பிடித்துக்கொண்டு, ஒரு கம்பியை முதல் ஓட்டைக்குள் விட்டு மறு கம்பியால் சாட்டா முனையைத் தடவிக்கொண்டே போங்கள். எங்கே பீப் வருகிறதோ குறித்துக்கொள்ளுங்கள். எல்லாக் கம்பியும் கறுப்பாகத்தான் இருக்கும், நிறத்தை வைத்துப் பார்க்கும் காலம் போய்விட்டது. பழைய நாளில் மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு கிரவுண்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

கேபிளிலேயே நாலு பின் மோலெக்ஸ் முனையும் இருந்தால் இன்னும் சுலபம், ஓட்டை பெரிது. அந்த முனையைத் தலைகீழாக அழுத்தி நுழைப்பவர்களும் உண்டு, நுழைந்தும் விடும், 5-உம் 12-உம் இடம் மாறிவிடும். அது தனிக் கதை.

#12 தூங்காவிழி

அளந்துவிட்டேன். ஒரு காகிதத்தில் இரண்டு கட்டம் வரைந்து எழுதினேன்.

புதிய கேபிள்: மேல்வரிசையில் இடது ஓட்டை 12 வோல்ட், நடு கிரவுண்ட், வலது 5.

பழைய கேபிள்: மேல்வரிசையில் இடது ஓட்டை 5 வோல்ட், நடு 12, வலது கிரவுண்ட்.

கீழ்வரிசையை எழுதவே இல்லை, இதுவே போதும். பழைய கேபிளை விட்டிருந்தால் 12 வோல்ட் நேராக டிஸ்க்கின் 5 வோல்ட் பின்னுக்குப் போயிருக்கும். திருப்புளி அண்ணா சொன்னது எழுத்துக்கு எழுத்து. காகிதத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

#13 ஈயப்பற்று

நான் போர்டு ரிப்பேர் செய்பவன், இழையைத் தாமதமாகத்தான் பார்த்தேன். @மின்மினி22, அந்த இரண்டு டிஸ்க்கையும் தூக்கிப் போட்டுவிட்டீர்களா?

#14 மின்மினி22

இல்லை. அலமாரி இழுப்பறையில் கிடக்கின்றன. போட மனசு வரவில்லை, ஏன் என்று கேட்காதீர்கள்.

#15 ஈயப்பற்று

நல்லது. நிறைய ஹார்ட் டிஸ்க் போர்டுகளில் பவர் கனெக்டருக்குப் பக்கத்திலேயே 5 வோல்ட் பாதைக்கு ஒன்று, 12 வோல்ட் பாதைக்கு ஒன்று என்று டிவிஎஸ் டயோடு வைத்திருப்பார்கள். சின்னக் கறுப்புச் செவ்வகம், ஒரு ஓரத்தில் கோடு. அளவுக்கு மேல் வோல்ட் வந்தால் அது தன்னையே ஷார்ட் ஆக்கிக்கொண்டு உள்ளே இருக்கும் சிப்புகளுக்கு முன்னால் போய் விழும். நீங்கள் கேட்ட "டிக்" அதுவாக இருக்கலாம், அதுவாகவே இருக்கட்டும் என்று நினைக்கிறேன்.

டிஸ்க்கை எதிலும் மாட்டாமல், மீட்டரை ஓம் நிலையில் வைத்து, அந்த டயோடின் இரண்டு பக்கத்திலும் வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டினால் அது செத்திருக்கிறது. செத்த டயோடை எடுத்துவிட்டால் பல சமயம் டிஸ்க் எழுந்துவிடும். எடுத்த பிறகு அந்தப் பாதையில் பாதுகாப்பு கிடையாது, அதனால் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டி உடனே எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட வேண்டும், அதோடு அந்த டிஸ்க்கின் வேலை முடிந்தது. ஈயம் வைத்துப் பழக்கம் இல்லையென்றால் நீங்களே செய்யாதீர்கள். உள்ளே இருப்பது அருமையான விஷயம் என்றால் டேட்டா மீட்பவர்களிடமே நேராகக் கொடுத்துவிடுங்கள்.

முக்கியமாக: அதே மாடல் டிஸ்க் இன்னொன்று வாங்கிப் பச்சைப் பலகையை மட்டும் மாற்றிப் போடும் யோசனை வேண்டாம். அந்தப் பலகையில் உள்ள ஒரு சின்ன ரோம் சிப்பில் அந்த ஒரு டிஸ்க்குக்கே உரிய அளவுகள் பதிந்திருக்கும், அதையும் சேர்த்து மாற்றாமல் பெரும்பாலும் வேலைக்கு ஆகாது.

எஸ்எஸ்டி என்றால் இவ்வளவு நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

#16 மின்மினி22

மூன்று வருடமாக யாரும் இதைச் சொல்லவில்லை. மீட்டர் கடன் வாங்கப் போகிறேன்.

#17 திருப்புளி

@தூங்காவிழி, வேலையை ஆரம்பிக்கும் முன் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டுப் பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அது அணையும்வரை எதையும் தொடாதீர்கள். கம்ப்யூட்டர் ஆஃப் ஆக இருந்தாலும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை என்று ஒன்று போர்டுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும், அந்த நிலையில் ராமையோ கார்டையோ உருவினால் அது பழுதாகிவிடலாம்.

24 பின்னை எடுக்கும்போது லாக்கை முழுதாக அழுத்தி, கனெக்டரை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டி எடுங்கள். போர்டு மேலே வளைந்து வருவது கண்ணுக்குத் தெரிந்தால் நிறுத்துங்கள், இன்னொரு கையால் போர்டின் ஓரத்தை அழுத்திக்கொள்ளுங்கள். சாட்டா முனையை நேராக இழுங்கள், பக்கவாட்டில் நெம்பினால் டிஸ்க்கில் இருக்கும் அந்த எல் வடிவப் பிளாஸ்டிக் உடைந்து கேபிளோடு வந்துவிடும்.

சிபியூவுக்கான 8 பின்னும் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னும் தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரே முகம். சிபியூ முனை 4+4 ஆகப் பிரியும், கார்டு முனை 6+2 ஆகப் பிரியும். ஒன்றில் 12 இருக்கும் வரிசையில் மற்றதில் கிரவுண்ட். ஓட்டைகளின் வடிவம் தடுக்கும், ஆனால் பலசாலிகளைத் தடுக்காது. அழுத்த வேண்டியிருக்கிறது என்றாலே கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். (1995-இல் ஏடிஎக்ஸ் என்கிற இப்போதைய போர்டு, எஸ்எம்பிஎஸ் அமைப்பு வருவதற்கு முன் இன்னும் மோசம். மதர்போர்டுக்கே பி8, பி9 என்று இரண்டு தனி முனை, இரண்டின் கறுப்புக் கம்பிகளும் நடுவில் சேரும்படி மாட்ட வேண்டும். இடம் மாற்றி மாட்டினால் போர்டு போச்சு. அதில் படித்தவர்கள் நாங்கள்.)

உங்கள் கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் இரண்டு தனிக் கேபிள் போடுங்கள். ஒரே கேபிளில் தொங்கும் இரட்டை முனையால் இரண்டையும் நிரப்பாதீர்கள், ஒரு 8 பின் முனைக்கே 150 வாட் கணக்கு.

கடைசியாக, முதல் தடவை ஆன் செய்யும்போது டிஸ்க் எதுவும் மாட்டாதீர்கள். பயாஸ் வரட்டும். அந்த நிலையிலேயே சாட்டா முனையை அளந்து பாருங்கள்: 11.4 முதல் 12.6 வரை, 4.75 முதல் 5.25 வரை. அதற்குள் இருந்தால் அணைத்துவிட்டு டிஸ்க்கை மாட்டுங்கள்.

எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் எதற்காகவும் திறக்காதீர்கள், பழையதையும்தான். உள்ளே பெரிய கெபாசிட்டரில் முந்நூறு வோல்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

#18 தூங்காவிழி

மாற்றிவிட்டேன். ஓடவில்லை.

பட்டனை அழுத்தினால் ஃபேன் அரை நொடி துள்ளுகிறது, அப்படியே நின்றுவிடுகிறது. மறுபடி அழுத்தினால் ஒன்றுமே இல்லை. பிளக்கை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் மறுபடி அதே அரை நொடி. எல்லாக் கேபிளும் புதியது. டிஸ்க் எதுவும் மாட்டவில்லை. கார்டைக் கழற்றியும் பார்த்தேன், அதேதான். போர்டைக் கொன்றுவிட்டேனா?

#19 கடைநிலைப்பொறியாளர்

திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள். துள்ளி நிற்கிறது என்றால் எங்கோ ஷார்ட், எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. (இந்தப் பாதுகாப்பாவது வேலை செய்கிறதே.)

#20 திருப்புளி

எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றியபோது எத்தனை ஸ்க்ரூ எடுத்தீர்கள், இப்போது எத்தனை இருக்கிறது?

#21 தூங்காவிழி

நாலு எடுத்தேன். மூன்று மாட்டியிருக்கிறேன். ஒன்று கீழே உருண்டுவிட்டது என்று நினைத்து... ஐயோ. இருங்கள்.

#22 தூங்காவிழி

கேபினெட்டை மெதுவாகச் சாய்த்தேன். கடகட என்று ஒரு சத்தம். போர்டுக்கும் பின்தகட்டுக்கும் நடுவில், 24 பின் சாக்கெட்டுக்கு நேர் பின்னால் மாட்டியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஈயம் வைத்த முனைகளின் மேல் சாய்ந்து படுத்திருக்கிறது. குலுக்கி எடுக்கப் பயந்து, போர்டையே கழற்றித்தான் எடுத்தேன், கட்டி வைத்திருந்த கேபிள் எல்லாம் கடைசியில் எப்படியும் பிரிந்தது.

ஆன் செய்தேன். பயாஸ் வந்தது!! மோலெக்ஸ் முனையில் அளந்தேன், 12.08, 5.03. அணைத்துவிட்டு ஒரு டிஸ்க், மறுபடி அணைத்துவிட்டு அடுத்தது என்று ஒவ்வொன்றாக மாட்டினேன். மூன்றும் தெரிகிறது. ஒரு மணி நேரம் கேம் ஓட்டினேன், அணையவில்லை.

#23 ஒற்றைவரி

பழைய கேபிளை எல்லாம் பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு ஒரே பையில் கட்டி அதன் மாடல் பெயரை எழுதி வையுங்கள், விற்றாலும் பையோடு விற்றுவிடுங்கள்.

#24 கடைநிலைப்பொறியாளர்

என் கேபிளையும் பீப் வைத்துப் பார்த்தேன். ஆறு ஓட்டையும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துகிறது. ஐந்து வருட அதிர்ஷ்டம். இருந்தாலும் பெட்டியைத் தேடி ஒரிஜினல் கேபிளையே மாட்டிவிட்டேன், தெரிந்த பிறகு தூக்கம் வராது.

#25 மின்மினி22

மீட்டர் கிடைத்தது. முதல் டிஸ்க்கில் 5 வோல்ட் பக்க டயோடு 0.3 ஓம் காட்டுகிறது. இரண்டாவதில், அதாவது பேக்அப் டிஸ்க்கில், இரண்டு டயோடும் ஷார்ட் இல்லை. ஆனால் பலகையைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் இருக்கும் சதுரச் சிப்பில் ஒரு மூலை கடுகளவு உப்பி, வெடித்த மாதிரி இருக்கிறது. முதல் டிஸ்க்கை நானே தொடுவதாக இல்லை, மீட்பவர்களிடம் கொடுக்கப் போகிறேன். இரண்டாவதையும் கூடவே கொடுக்கலாமா, அல்லது வீண் செலவா? படம் எடுத்திருக்கிறேன்.

#26 ஈயப்பற்று

இரண்டையும் கொடுங்கள், டயோடு அளவையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். உப்பியது அநேகமாக மோட்டார் ஓட்டும் சிப். படத்தைப் போடுங்கள், ரோம் தனி சிப்பாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.